சுற்றயல் நரம்புத் தொகுதியைத் தொட்டுப் படிப்பது எப்படி: தாதிய மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் எந்த வைத்தியசாலை விடுதியில் அரை நாள் நின்று கேட்டாலும் "நரம்பு" என்ற சொல் பலமுறை காதில் விழும். ஆனால் அவற்றில் பாதிகூட நரம்பைப் பற்றியதாக இராது. "நரம்பு பிடிபடவில்லை, மிஸ்" என்று கனூலா (மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) போட முயன்ற மாணவி சொல்வது நாளத்தை. "கழுத்து நரம்பு இழுத்துப் பிடிச்சிட்டுது" என்று கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அம்மா சொல்வது பெரும்பாலும் தசையை. குதிக்காலுக்கு மேலே வெட்டுக்காயத்துடன் வந்தவரின் மகன் "நரம்பு அறுந்துபோச்சு" என்றால், அது தசையை என்போடு இணைக்கும் தசைநாணாக இருக்கவே கூடுதல் வாய்ப்பு உண்டு. தோலுக்குக் கீழே கயிறுபோல் ஓடுவதெல்லாம் மக்களுக்கு நரம்புதான். அவர்கள் அப்படிச் சொல்வதில் தவறில்லை. ஆனால் சுற்றயல் நரம்புத் தொகுதியைப் படிக்கத் தொடங்கும் தாதிய மாணவர் முதலில் செய்ய வேண்டியது, இவற்றை நரம்பிலிருந்து தன் விரல் நுனியால் பிரித்தறிவதே. அதற்கு மணிக்கட்டு ஒன்று போதும்.

உங்கள் இடது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, பெருவிரல் நுனியைச் சின்னவிரல் நுனியுடன் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று உள்ளே மடியுங்கள். நடுவில் ஒரு நாண் கம்பிபோல் எழுந்து நிற்கும். சிலருக்கு அந்தத் தசை பிறவியிலேயே இருப்பதில்லை, அப்படியானால் பக்கத்தில் இருக்கும் நண்பரின் கையைப் பாருங்கள். அதற்குப் பெருவிரல் பக்கமாக இன்னொரு தடித்த நாண் இருக்கும். அதையும் தாண்டி என்பின்மேல் துடிப்பது ரேடியல் நாடி. அந்த இரண்டு நாண்களுக்கும் இடையில், சற்று ஆழத்தில், மீடியன் நரம்பு உள்ளங்கைக்குள் நுழைகிறது. அந்த இடத்தை மெதுவாகத் தட்டினால் நலமான கையில் பெரும்பாலும் ஒன்றும் நேராது; மணிக்கட்டுக் குகைக்குள் அந்த நரம்பு நசிந்திருப்பவருக்கோ பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் வரை மின் பாய்ந்தது போலிருக்கும். தசை இயங்கும்போது இறுகுவது நாண், துடிப்பது நாடி, அழுத்தினால் அமுங்கி விட்டதும் நிரம்புவது நாளம், தட்டினால் தொலைவில் பேசுவது நரம்பு. பெருவிரல் அகல இடத்துக்குள் நாணும் நரம்பும் நாடியும் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதை ஒருமுறை தொட்டு உணர்ந்தவர், அங்கே ஊசியைக் கண்ணை மூடிக்கொண்டு செலுத்தமாட்டார்.

இந்தப் பாடத்தைப் படிப்பதற்கு நான் சொல்லும் முறை இதுதான்: நரம்பின் பெயரை அட்டவணையிலிருந்து தொடங்காமல், அது எந்த இடத்தில் நம் கைக்கும் நம் ஊசிக்கும் நாம் கட்டும் பட்டிக்கும் எட்டும் தூரத்தில் வருகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது, நோயாளர் தமிழிலும் சிங்களத்திலும் பேசுகிறார், நீங்கள் இடையில் நிற்கிறீர்கள். மூன்று மொழிகளுக்கும் பொதுவாக இருப்பது உடம்பு மட்டுமே. பரீட்சைக்குத் தேவையான பெயர்கள் அந்த உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்து சேரும்.

வேரிலிருந்து தொடங்குதல்

மூளையையும், முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணையும் விட்டு வெளியே வந்த எல்லா நரம்பும் சுற்றயல் நரம்புத் தொகுதியைச் சேர்ந்தது. மண்டையோட்டு நரம்புகள் 12 சோடி, முண்ணாண் நரம்புகள் 31 சோடி. அந்த 31ஐயும் கழுத்தில் 8, நெஞ்சில் 12, நாரியில் 5, திருவெலும்பில் 5, வாலெலும்பில் 1 என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் முள்ளென்பு 7 இருக்க நரம்பு மட்டும் எப்படி 8 ஆகிறது என்ற கேள்வி ஒவ்வொரு தொகுதி மாணவரிடமும் வரும். முதல் ஏழு நரம்புகளும் தத்தம் எண்ணுள்ள முள்ளென்புக்கு மேலே வெளியேறுகின்றன. எட்டாவது, ஏழாவது என்புக்குக் கீழே வெளியேறுகிறது. அதிலிருந்து கீழே எல்லா நரம்பும் தன் எண்ணுள்ள என்புக்குக் கீழேதான் வருகிறது. ஒருமுறை வரைந்து பார்த்தால் மறக்காது.

ஒவ்வொரு முண்ணாண் நரம்பும் இரண்டு வேர்களால் ஆனது. முதுகுப்புற வேர் புலனுணர்வை உள்ளே கொண்டுவருகிறது. வயிற்றுப்புற வேர் இயக்கக் கட்டளையை வெளியே கொண்டுசெல்கிறது. 1811இல் சார்ல்ஸ் பெல் தொடங்கியதை 1822இல் பிரான்சுவா மஜாந்தி தெளிவாக நிறுவினார். அதனால் இருவர் பெயராலும் அந்த விதி வழங்குகிறது. முதுகுப்புற வேரில் மட்டும் ஒரு சிறு வீக்கம் உண்டு. அதுதான் திரட்டு, புலன் நரம்புக்கலங்களின் உடல்கள் அங்கேதான் இருக்கின்றன. இந்தத் திரட்டை மனதில் பதிக்க விடுதியில் ஒரு நோயாளர் உதவுவார். சிறு வயதில் கொப்புளிப்பான் வந்து மாறிய பிறகும் அந்த வைரசு திரட்டுக்குள் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, முதுமையிலோ நோயெதிர்ப்பு குறையும்போதோ விழித்து, அந்த ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்குகிறது. ஊரில் அக்கி என்று சொல்லப்படும் அந்தக் கொப்புளங்கள் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக ஓடி, நடுக்கோட்டில் வந்து நின்றுவிடுகின்றன. ஒரு வேர் தோலில் ஆளும் நிலப்பரப்பை இயற்கையே வரைந்து காட்டுவது போன்றது அது. அத்தகைய நோயாளரைப் பராமரிக்கும் வாய்ப்புக் கிடைத்தால், பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று உங்கள் குறிப்புப் புத்தகத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

மற்ற வேர்களின் நிலப்பரப்பை உங்கள் உடம்பிலேயே குறித்துப் படிக்கலாம். சி என்பது கழுத்து, டி நெஞ்சு, எல் நாரி, எஸ் திருவெலும்பு; எண் அங்குள்ள நரம்பின் வரிசை. கைப் பெருவிரல் சி6, நடுவிரல் சி7, சின்னவிரல் சி8, முலைக்காம்பு மட்டம் டி4, தொப்புள் டி10, கவட்டு மடிப்பு எல்1, கால் பெருவிரலின் மேற்புறம் எல்5, காலின் சின்னவிரல் பக்கம் எஸ்1. உட்காரும்போது கதிரையில் படும் பகுதியின் நடுப்புறம் எஸ்2 முதல் எஸ்4 வரையானவற்றின் கீழ் வரும். கடும் நாரிவலியுடன் வந்தவர் "கழுவும்போது அந்த இடம் தெரியவில்லை" என்றோ, சிறுநீர் போகவில்லை என்றோ சொன்னால் அதை விடிந்த பிறகு சொல்லலாம் என்று வைக்கக்கூடாது. அந்த நேரமே வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். வெட்கத்தால் நோயாளர் தாமாகச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

இந்த எண்களுக்கு அன்றாடப் பயன் உண்டா என்று கேட்பவர்கள், மகப்பேற்றுச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு சீசரை (வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுப்பதை) பார்க்கட்டும். முண்ணாண் வளர்ந்தவர்களில் எல்1, எல்2 முள்ளென்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுவதால், அதற்குக் கீழே ஊசி செலுத்தி நரம்பு வேர்களை மரக்கச் செய்கிறார்கள். வெட்டு கீழ்வயிற்றில்தான் என்றாலும் மரப்பு டி4 வரை ஏற வேண்டும்; குளிர்ந்த பொருளைத் தோலில் வைத்து மட்டத்தைச் சோதிக்கிறார்கள். குருதிக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும் பரிவு நரம்புகளின் மெல்லிய இழைகள் முதலில் அடங்கிவிடுவதால் குருதிக் குழாய்கள் விரிந்து, தாயின் குருதியமுக்கம் விரைவில் இறங்குகிறது. அந்த நிமிடங்களில் அமுக்கத்தை ஏன் திரும்பத் திரும்ப அளக்கிறோம் என்பதற்கு விடை இதுதான்.

பின்னலும் கையும்

மாணவர்களை மிகவும் அச்சுறுத்துவது கைக்குப் போகும் நரம்புப் பின்னல். சி5 முதல் டி1 வரையான ஐந்து வேர்கள் மூன்று தண்டுகளாகச் சேர்ந்து, ஆறு பிரிவுகளாகப் பிரிந்து, மீண்டும் மூன்று நரம்பு வடங்களாகக் கூடி, கடைசியில் ஐந்து பெரிய நரம்புகளாகின்றன. மருதானைப் புகையிரத நிலையத்து மேடையில் நின்று தண்டவாளங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. பல பாதைகள் வந்து சேர்ந்து, குறுக்கே மாறி, வேறு பெயருடன் வெளியேறுகின்றன. நிலையத்துக்கு முன்னே பாதை அறுந்தால் ஏற்படும் தடங்கல் ஒருவகை. நிலையத்தைத் தாண்டிய பிறகு அறுந்தால் வேறுவகை. பின்னலுக்கு முன்னே வேர் நசிந்தால் இழப்பு வேரின் நிலப்பரப்பைப் பின்பற்றும். பின்னலுக்குப் பிறகு நரம்பு நசிந்தால் இழப்பு நரம்பின் நிலப்பரப்பைப் பின்பற்றும். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வது, பின்னலின் படத்தை நூறு முறை வரைவதைவிடப் பெறுமதியானது என்பது என் உறுதியான கருத்து.

அதை மோதிரவிரலில் பரிசோதிக்கலாம். ஒருவருக்குச் சின்னவிரல் பக்கம் மரத்துப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பஞ்சினால் மோதிரவிரலின் இரு பக்கங்களையும் தனித்தனியே தொடுங்கள். சின்னவிரலை நோக்கிய பாதி மட்டும் மரத்து, மற்றப் பாதி நன்றாகத் தெரிந்தால், குற்றம் அல்னர் நரம்பில் இருக்கவே வாய்ப்பு அதிகம். மரப்பும் மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறாது. மோதிரவிரல் அப்படிப் பிளவுபடாமல், மரப்பு முன்கையின் உட்பக்கம் வரை ஏறினால் கழுத்தை, அதாவது சி8 வேரை, நினைக்க வேண்டும். நோய் நிர்ணயம் வைத்தியருடைய வேலை. ஆனால் இந்த விவரத்துடன் சொல்லும் தாதியின் பேச்சுக்கு வைத்தியர் நின்று காது கொடுப்பார்.

அல்னர் நரம்பைத் தேடிப் பிடிப்பது எளிது. முழங்கையை அரைவாசி மடித்து, உட்பக்க என்பு முகட்டுக்கும் முழங்கை நுனிக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் மற்றக் கையின் நடுவிரலை வையுங்கள். குறுக்காக மெல்ல உருட்டினால் ஈரச் சணல் கயிறு போன்ற ஒன்று விரலுக்கடியில் நழுவும், சின்னவிரலில் சிலிர்ப்பு ஓடும். அதற்கு மேலே தோலைத் தவிரப் பாதுகாப்பு ஏதும் இல்லை. மயக்கத்தில் கிடப்பவரின் முழங்கையைக் கட்டிலின் இரும்பு விளிம்பில் விடக்கூடாது, மெத்தையோ துணியோ வைக்க வேண்டும் என்ற விதி இந்தப் பள்ளத்திலிருந்துதான் வருகிறது. வத்தளைக்கு அருகே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் தொழுநோயாளருக்கென்று வைத்தியசாலை ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாதிருந்த காரணத்தை நாம் இன்று அறிவோம்: 1873இல் ஹன்சன் கண்டறிந்த அந்தப் பக்டீரியா, உடலின் குளிர்ந்த பகுதிகளில், தோலுக்கு அண்மையில் ஓடும் நரம்புகளில் இழைகளுக்கு உறையிடும் சுவான் கலங்களுக்குள் குடியேறுகிறது. அல்னர் நரம்பு அவற்றுள் முதன்மையானது. தடித்துப்போன நரம்பை உணர வேண்டுமென்றால், நலமான நரம்பின் தடிப்பு உங்கள் விரலுக்குப் பழகியிருக்க வேண்டும். வகுப்புத் தோழர் பத்துப் பேரின் முழங்கையைத் தொட்டுப் பாருங்கள்.

ரேடியல் நரம்பு மேற்கை என்பின் பின்புறம் சுற்றி இறங்குகிறது. ஊன்றுகோலை அக்குளில் முட்டக் கொடுத்துத் தொங்கி நடப்பவருக்கு அது நசிந்து, மணிக்கட்டு தொங்கிவிடும். அதனால்தான் ஊன்றுகோலின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரலகல இடைவெளி விட்டு, உடம்பின் பாரத்தைக் கைப்பிடியில் தாங்கக் கற்றுக்கொடுக்கிறோம். அதே நரம்பின் மெல்லிய தோற்கிளை மணிக்கட்டுக்கு மேலே பெருவிரல் பக்க நாளத்துடன் பின்னிப்பிணைந்து ஓடுகிறது. அந்த நாளம் பருமனாக, நேராக, ஆசை காட்டும். இயன்றவரை அதற்கு மேலே முன்கையில் இடம் தேடுங்கள். ஊசி நுழையும்போது நோயாளர் மின் அடித்ததுபோல் துள்ளினால், "கொஞ்சம் பொறுங்கள்" என்று தொடரக்கூடாது. பட்டியைத் தளர்த்தி, ஊசியை எடுத்து, அழுத்திப் பிடித்து, வேறு இடம் பார்த்து, நடந்ததை எழுதி வைக்க வேண்டும்.

முழங்கைக்கு மேலே என்பு முறிந்து வரும் சிறுவரிடம் மூன்று நரம்புகளையும் சோதிப்பது விளையாட்டாகவே முடியும். கல், கடதாசி, கத்தரிக்கோல் விளையாடுங்கள். கல்லாக விரல்களை மடக்க மீடியன், கடதாசியாக விரித்து நீட்ட ரேடியல், கத்தரிக்கோலாக இரு விரல்களை அகட்ட அல்னர். பெருவிரலும் சுட்டுவிரலும் வட்டமாகச் சேர்ந்து நுனியோடு நுனி தொட முடிகிறதா என்றும் பாருங்கள். அது மீடியனின் ஆழ்ந்த கிளைக்கான சோதனை, அந்த முறிவில் அடிக்கடி அடிபடுவது அதுவே. அழும் பிள்ளைகூடக் கத்தரிக்கோலைக் காட்டிவிடும்.

காலில் நான் தவறவிட்டது

பயிற்சிக் காலத்தில் நான் இருந்த ஒரு விடுதியில், கணுக்காலுக்கு மேலே முறிவுக்காக முழங்கால் வரை சாந்துக் கட்டுப் போட்ட ஒருவர் இரவில் "கால் விறைக்குது பிள்ளை" என்றார். கால்விரல்களின் நிறத்தைப் பார்த்தேன், சூட்டைப் பார்த்தேன், நாடியும் இருந்தது. கட்டுப் புதிது, பழகிவிடும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். மறுநாள் காலை அவரால் கால் பெருவிரலை மேலே தூக்க முடியவில்லை. கட்டின் மேல் விளிம்பு முழங்காலின் வெளிப்புறத்தில் அழுத்திக்கொண்டிருந்தது. குருதியோட்டத்தை மட்டும் பார்த்த நான் நரம்பைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்த மாணவரிடமும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த இடத்தைத்தான்.

முழங்காலின் வெளிப்புறத்தில், சற்றுக் கீழே, ஒரு சிறு என்பு முடிச்சு கைக்குப் படும். அது கணைக்காலின் வெளிப்புற என்பின் (ஃபிபுலா) தலை. அதற்குக் கீழேயுள்ள கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு அடியிலேயே, பொதுப் பெரோனியல் நரம்பு முன்புறம் வருகிறது. இறுகிய கட்டு, பக்கவாட்டில் சரிந்த காலைக் கட்டில் கம்பி தாங்குதல், பிரசவத்தின்போது கால்தாங்கியில் காலைத் தவறாக வைத்தல், எல்லாமே அதை நசித்துவிடும். நசிந்தால் பாதம் தொங்கும். முன்கூட்டியே அறிய இரண்டு கேள்விகள் போதும்: பெருவிரலை முகத்தை நோக்கித் தூக்க முடிகிறதா, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலான தோலில் பஞ்சு படுவது தெரிகிறதா. கட்டுப் போட்ட காலில் விரலை நாம் மெல்ல அசைக்கும்போதே தாங்க முடியாத வலி எழுந்தால், தசை அறைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று எடுத்துக்கொண்டு உடனே அறிவியுங்கள்; நாடி துடிக்கிறது என்பதால் ஆறுதல் அடையக்கூடாது, நாடி கடைசியில்தான் மறையும்.

ஏன் இந்த அவசரம் என்பதற்கு விடை நரம்பின் கட்டமைப்பில் உள்ளது. நரம்பிழையைச் சுவான் கலங்கள் சுற்றி மயலின் உறை இடுகின்றன. இழைகள் கற்றையாகி, கற்றைகள் சேர்ந்து நரம்பாகின்றன. ஒவ்வொரு மட்டத்திலும் ஓர் உறை, அந்த உறைகளுக்குள் அதற்கென்ற நுண்ணிய குருதிக் குழாய்கள். அழுத்தம் முதலில் அந்தக் குழாய்களை அடைக்கிறது. சிறிது நேரத்தில் எடுத்துவிட்டால் நரம்பு மீளும்; நீடித்தால் இழையே அழியும். அழிந்த இழை மீண்டும் வளரும், ஆனால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான். முழங்காலில் இருந்து பாதத்துக்கு 300 மில்லிமீற்றர் என்றால் கணக்கை நீங்களே போடலாம்.

சயாட்டிக் நரம்பு எல்4 முதல் எஸ்3 வரையான வேர்களால் ஆனது, உடலிலேயே பருமனானது. பிட்டத்தில் ஊசி போடும்போது அதைத் தவிர்க்க மேல்-வெளிக் காற்பங்கு என்று கற்பிக்கிறார்கள். அதைவிடப் பாதுகாப்பானது இடுப்பின் பக்கவாட்டு இடம். நோயாளரின் இடது இடுப்பில் உங்கள் வலது உள்ளங்கையைத் தொடையென்பின் பெரிய முகட்டில் வைத்து, சுட்டுவிரலை இடுப்பென்பின் முன் முனையில் ஊன்றி, நடுவிரலை இடுப்பு விளிம்பு வழியே பின்னால் அகட்டுங்கள். இரு விரல்களுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தில் பெரிய நரம்போ பெரிய குழாயோ கிடையாது. மெலிந்தவர்களிலும் இந்த இடம் கைகொடுக்கும். கைக்குழந்தைகளுக்குத் தொடையின் வெளிப்புறமே இடம்.

தன்னாட்சி நரம்புகள்

நம் விருப்பத்தைக் கேளாமல் உள்ளுறுப்புகளை இயக்கும் தன்னாட்சி நரம்புகளுக்குப் பரிவு, பரபரிவு என்று இரு பிரிவுகள் உண்டு. அவை செய்வனவற்றை இரண்டு நிரலில் எழுதி மனனம் செய்தால் பரீட்சைக்கு அடுத்த வாரம் மறந்துவிடும். பரிவு நரம்புகள் டி1 முதல் எல்2 வரையிலும், பரபரிவு நரம்புகள் 3, 7, 9, 10ஆம் மண்டையோட்டு நரம்புகளிலும் எஸ்2 முதல் எஸ்4 வரையிலும் புறப்படுகின்றன என்பதை அறிந்துகொண்ட பின், சேதன பொசுபரசுப் பூச்சிநாசினியால் நஞ்சூட்டப்பட்ட ஒருவரின் கட்டிலருகே நின்று மீதியைப் படியுங்கள். நரம்பின் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருளான அசற்றைல்கோலீனைச் சிதைக்கும் நொதியத்தை அந்த நஞ்சு முடக்குவதால், அசற்றைல்கோலீன் வேலை செய்யும் இடமெல்லாம் ஒரே நேரத்தில் கூக்குரலிடும். கண்மணி ஊசிமுனையாகும், கண்ணீர், உமிழ்நீர், வியர்வை வழியும், நெஞ்சு சளியால் நிரம்பும், நாடித்துடிப்புக் குறையும், வயிறு கழியும். வியர்வைச் சுரப்பி பரிவு நரம்பின் ஆட்சியில் இருந்தும் அசற்றைல்கோலீனுக்கே கட்டுப்படுகிறது என்ற விதிவிலக்கு, நனைந்த அந்த உடுப்பைப் பார்த்தவருக்கு மறக்காது.

மாற்று மருந்தான அத்திரப்பீன் கொடுத்து நெஞ்சு தெளிந்து, அக்குள் உலர்ந்து, நாடித்துடிப்பு 80ஐத் தாண்டும்போது எல்லோருக்கும் நிம்மதி வரும். ஆனால் அத்திரப்பீன் சுரப்பிகளையும் இதயத்தையும் மென்தசையையும்தான் காக்கிறது. எலும்புத் தசையின் நரம்புச் சந்தியை அது தொடுவதில்லை. நஞ்சருந்தி 24 முதல் 96 மணி நேரத்துக்குள், தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவரின் கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் தளர்ந்து, மூச்சுத் தசைகளும் சோர்ந்துவிடும் நிலை ஒன்று உண்டு. அதற்கு இடைநிலைக் கூட்டறிகுறி என்று பெயரிட்டு 1987இல் உலகுக்கு விவரித்தவர்கள் நம் நாட்டு வைத்தியர்களான நிமல் சேனாநாயக்காவும் லக்ஷ்மன் கரலியத்தவும். அதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கோ ஐயா" என்று சொல்லுங்கள். நேற்றுத் தூக்கியவர் இன்று தூக்கவில்லை என்றால், மூச்சு இன்னும் நன்றாக இருந்தாலும் ஐசியூவுக்குச் சொல்ல வேண்டிய வேளை வந்துவிட்டது. கட்டுவிரியன் தீண்டியவரிலும் தாழும் கண்ணிமையையும் கழுத்தையும் இதேபோல் கவனிக்க வேண்டும். கீழிருந்து மேலே பலவீனம் ஏறும் கியான்-பரே கூட்டறிகுறியில், ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று கேட்டு அந்த எண்ணை எழுதி வையுங்கள். எண் இறங்குவதே எச்சரிக்கை.

நீரிழிவில் நரம்பு பாதிக்கப்படுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மிக நீளமான இழைகள் முதலில் சோர்வதால் கால்விரல்களில் தொடங்கி, காலுறைபோல் ஏறி, முழங்காலை நெருங்கும் வேளையில் கைவிரல்களும் மரக்கத் தொடங்கும். 10 கிராம் நைலோன் இழையைத் தோலில் வைத்து வளையும் வரை அழுத்தி, கண்ணை மூடியிருப்பவர் "இப்போது" என்று சொல்கிறாரா என்று பார்க்கிறோம். முதலில் நெற்றியில் தொட்டுக் காட்டுங்கள்; எந்த உணர்வைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். "தெரிகிறதா?" என்று கேட்டபடி தொட்டால், நம்மைத் திருப்திப்படுத்த ஆமென்பார். கொழும்பில் ஆடிவேல் நாட்களில் சூடேறிய தார் வீதியில் தேருக்குப் பின்னால் வெறுங்காலுடன் நடப்பவர்களில் நீரிழிவுள்ளவர்களும் இருப்பார்கள். சுடுவது அவர்களுக்குத் தெரியாது. போகக் கூடாது என்று தடுத்தால் நம்மிடம் சொல்லாமல் போவார்கள். வெயில் ஏறுமுன் நடக்கவும், வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடியைக் கண்ணாடியிலோ பேரப்பிள்ளையைக் கொண்டோ பார்க்கவும் சொல்லுங்கள். இந்த நோயாளருக்குத் தன்னாட்சி நரம்புகளும் சோர்ந்திருக்கலாம் என்பதால், படுத்தும் எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள்ளும் குருதியமுக்கத்தை அளந்து பாருங்கள்.

மண்டையோட்டு நரம்புகள் பன்னிரண்டையும் வரிசையாகப் படிக்கத்தான் வேண்டும்; ஆனால் கட்டிலருகே மூன்று இடங்களில் அவை அடிக்கடி நம் வேலையாகின்றன. ஒளி பட்டுக் கண்மணி சுருங்குவதில் இரண்டாவது உள்ளே கொண்டுசெல்கிறது, மூன்றாவது பதில் தருகிறது. விழுங்குவதில் ஒன்பதாவதும் பத்தாவதும் பங்கெடுக்கின்றன. விழுங்கலைச் சோதிக்காமல் பக்கவாத நோயாளருக்குக் கஞ்சி ஊட்டக் கூடாது. ஏழாவது செயலிழந்து ஒரு பக்க முகம் முழுவதும், நெற்றி உட்பட, தளர்ந்தவருக்குக் கண் மூடாது. செயற்கைக் கண்ணீரும் இரவில் இமையை மூடி ஒட்டுவதும் கருவிழியைக் காக்கும். அந்த முடக்கத்துக்கும் வேர்களின் விதியில் வந்த அதே பெல்லின் பெயர்தான்.

கேட்பதும் எழுதுவதும்

சொற்களைப் பற்றி ஒரு கவனம். யாழ்ப்பாணத்தவர் "விறைக்குது", "உளையுது" என்பார். மலையகத்தவர் "மரத்துப்போச்சு", "எறும்பு ஊருது" என்பார். சிங்களத்தில் "ஹிரி வெட்டெனவா" என்றால் மரப்பும் சிலிர்ப்பும், "தெவில்ல" என்றால் எரிவு, "பண நே" என்றால் உறுப்பில் பலமில்லை. "விறைப்பு" என்ற சொல்லில் இரண்டு பொருள் உண்டு: தொட்டால் தெரியாமையும் விறைப்பே, மடக்க முடியாமையும் விறைப்பே. சாந்துக் கட்டுப் போட்டிருந்த அந்த மனிதர் அன்றிரவு சொன்ன "விறைக்குது" எதைக் குறித்தது என்று நான் கேட்கவில்லை. தொட்டால் தெரியவில்லையா, அசைக்க முடியவில்லையா, எரிகிறதா என்று பிரித்துக் கேளுங்கள். பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிவிட்டு, பக்கத்தில் நீங்கள் கண்டதை எழுதுங்கள். தசைப் பலத்துக்கு 0 முதல் 5 வரையான அளவைப் பயன்படுத்துங்கள்: அசைவே இல்லை 0, தசை துடிப்பது மட்டும் 1, புவியீர்ப்பை நீக்கினால் அசைவது 2, புவியீர்ப்பை எதிர்த்து 3, சிறிது தடையை எதிர்த்து 4, முழுப் பலம் 5. இரு பக்கத்தையும் எப்போதும் ஒப்பிடுங்கள்.

"கால் பரவாயில்லை" என்ற குறிப்பால் அடுத்த கடமை முறைக்கு வருபவருக்கு ஒரு பயனும் இல்லை. இப்படி எழுதுங்கள்: இரவு 10.15. இடது காலில் கட்டு. "விறைக்குது, தொட்டால் தெரியேல்லை" என்கிறார். முதல் இரு விரல்களுக்கு இடையில் பஞ்சு தெரியவில்லை. வலது காலில் தெரிகிறது. பெருவிரலை மேலே தூக்கும் பலம் 3, மாலை 6 மணிக்கு 5. விரல்கள் சூடு, நாடி உண்டு. விரலை அசைக்கையில் கூடுதல் வலி இல்லை. 10.20க்கு வைத்தியருக்கு அறிவிக்கப்பட்டது, 10.40க்குக் கட்டின் மேல் விளிம்பு வெட்டித் தளர்த்தப்பட்டது, 11.30க்கு மீண்டும் பார்க்க வேண்டும்.